கொடையாளரின் உயிரணு யாருடைய சொத்து?

லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனை நடத்திவரும் ஒரு மருத்துவச் சோதனையின் முடிவுகள் 2025 டிசம்பரில் வெளியாயின. வேறெந்தச் சிகிச்சைக்கும் கட்டுப்படாத டி-செல் ரத்தப் புற்றுநோய்க்கு ஆளான 11 பேருக்கு, அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள், கொடையாளர்களின் நோய் எதிர்ப்புச் செல்கள் மரபணு திருத்தப்பட்டுச் செலுத்தப்பட்டன. 9 பேரிடம் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யத்தக்க அளவுக்கு நோய் ஒடுங்கியது. 7 பேர் நோயின்றி வாழ்கின்றனர். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்த நிலையில் இருந்தவர்களிடம் கிடைத்த முடிவு இது என்பதை நினைவில் கொண்டால் எண்ணிக்கையின் சிறுமை பொருட்டாகத் தோன்றாது.

இத்தகைய செய்திகள் ‘அதிசய சிகிச்சை’ என்ற தலைப்புடன் வருவதும், அடுத்த நாள் மறைவதும் வழக்கம். இடதுசாரி வட்டாரங்களிலோ இவற்றுக்கு வேறொரு எதிர்வினை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல் மாத்திரைக்கே தட்டுப்பாடு இருக்கும் நாட்டில் மரபணுச் சிகிச்சை பற்றிய பேச்சு எதற்கு என்பதே அது. அந்தக் கேள்வியில் உள்ள நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது தவறான இடத்தில் நின்றுவிடும் கேள்வி. இந்தச் சிகிச்சை எவ்வாறு செயல்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அது ஏன் தொழிலாளி வர்க்கத்தின் அக்கறைக்குரிய விஷயம் என்பது விளங்கும்.

தன் செல்லும் பிறர் செல்லும்

ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களில் ஒருவகை டி-செல். உடலுக்குள் நுழையும் கிருமிகளையும் கெட்டுப்போன செல்களையும் தேடி அழிப்பது அதன் வேலை. புற்றுச் செல்லை அது பெரும்பாலும் அடையாளம் காண்பதில்லை. நோயாளியின் உடலிலிருந்து டி-செல்களைப் பிரித்தெடுத்து, புற்றுச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு குறியைக் கண்டறியும் உணர்வேற்பியை அவற்றில் பொருத்தி, ஆய்வகத்தில் பெருக்கி மீண்டும் அவரது உடலிலேயே செலுத்துவதுதான் கார்-டி சிகிச்சை. 2012இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இது பலனளித்தது. 2017 ஆகஸ்டில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ‘கிம்ரியா’ அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு நோயாளிக்கு அந்நிறுவனம் வைத்த விலை 4,75,000 டாலர்.

இவ்வளவு விலை ஏன் என்று கேட்டபோது சொல்லப்பட்ட விடை எளிது. ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் செல்லைக் கொண்டு தனித்தனியே தயாரிக்க வேண்டியிருக்கிறது; இது மாத்திரையைப் போல ஒரே அச்சில் லட்சக்கணக்கில் வார்த்தெடுக்கும் பொருள் அன்று; தையற்காரர் அளவெடுத்துத் தைக்கும் உடை போன்றது. இந்த விடையில் ஓரளவு உண்மையும் இருந்தது.

கொடையாளர் செல் சிகிச்சை தகர்ப்பது இந்த விடையைத்தான். டி-செல் ரத்தப் புற்றுநோயில் நோயாளியின் டி-செல்லே புற்றாகிவிடுகிறது. எனவே எதிரியை அழிக்க அவருடைய சொந்தப் படையையே திரட்டுவது கடினம். சின்னஞ்சிறு குழந்தைகளிடமோ, பல சுற்று வேதிச் சிகிச்சைக்குப் பின் பிரித்தெடுப்பதற்குப் போதுமான டி-செல்களே எஞ்சுவதில்லை. ஆகவே ஆரோக்கியமான கொடையாளர் ஒருவரின் செல்களை நாட வேண்டியிருக்கிறது. ஆனால் பிறருடைய டி-செல் உடலுக்குள் சென்றால் இரண்டு ஆபத்துகள் நேரும். வந்த செல் நோயாளியின் உடலையே அந்நியமாகக் கருதித் தாக்கும். அல்லது நோயாளியின் உடல் வந்த செல்லை அழித்துவிடும். மரபணுத் திருத்தம் இவ்விரண்டையும் தடுக்கிறது. அந்நிய உடலைத் தாக்கத் தூண்டும் உணர்வேற்பி நீக்கப்படுகிறது. நோயாளியின் எதிர்ப்பாற்றலைத் தற்காலிகமாக அடக்கும் மருந்து எந்தக் குறியைப் பார்த்துத் தாக்குகிறதோ, அந்தக் குறி கொடைச் செல்லிலிருந்து அகற்றப்படுகிறது. மருந்து நோயாளியின் செல்களை அழிக்கும்போது கொடைச் செல் தப்பிவிடும். டி-செல் புற்றுநோயில் இன்னொரு சிக்கலும் உண்டு. புற்றுச் செல்லுக்கும் கொடைச் செல்லுக்கும் பொதுவான குறி ஒன்று இருப்பதால், அதை நோக்கி ஏவப்பட்ட செல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்தக் குறியையும் நீக்கியாக வேண்டும்.

2015 ஜூனில் இதே லண்டன் மருத்துவமனையில், பிறந்த 14 வாரங்களிலேயே பி-செல் ரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்ட ஒரு பெண் குழந்தைக்கு இவ்வாறு திருத்தப்பட்ட கொடைச் செல்கள் உலகில் முதன்முறையாகச் செலுத்தப்பட்டன. செலுத்திய அளவு ஒரு மில்லிலிட்டர். அப்போது மரபணு இழையை வெட்டித் திருத்தும் முறை பயன்பட்டது. 2022இல் 13 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் கையாளப்பட்டது, இழையை வெட்டாமலே ஓரெழுத்தை மட்டும் மாற்றும் முறை. ஏட்டுச்சுவடியில் ஓலையை நறுக்காமல் ஓர் எழுத்தின் மேல் புள்ளி வைத்துப் பொருளை மாற்றுவதற்கு இதை ஒப்பிடலாம்.

ஒரு கொடையாளரின் செல்களைக் கொண்டு பல நோயாளிகளுக்கான அளவுகளை முன்கூட்டியே தயாரித்து உறைநிலையில் சேமித்து வைக்கலாம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் ‘கடை அலமாரியிலிருந்து எடுத்துத் தருவது’ என்று பொருள்படும். சொல்லிலேயே கடை வந்துவிட்டது. தமிழில் அதைச் சேமிப்புச் செல் என்றோ களஞ்சியச் செல் என்றோ சொன்னால் பொருள் குறையாது. குருதி வங்கியோடு அதற்குள்ள உறவும் துலங்கும்.

மிகைப்படுத்தக் கூடாதவை

முதலில் கையாளப்பட்ட அந்தச் செல்களைக் கொண்டு 7 குழந்தைகளிடமும் 14 பெரியவர்களிடமும் நடந்த சோதனைகளின் தொகுப்பு 2020இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. 21 பேரில் 14 பேரிடம் நோய் ஒடுங்கியது. ஆனால் ஆறு மாதங்களுக்குப் பின் நோய் முற்றாமல் இருந்தோர் 27 சதவீதம். உயிருடன் இருந்தோர் 55 சதவீதம். 2023இல் வெளியான புதிய முறையின் முதல் அறிக்கையில் இடம்பெற்ற மூவரில் ஒருவர் பூஞ்சைத் தொற்றால் இறந்தார். எதிர்ப்பாற்றலை அடக்கிவைத்துச் செய்யும் சிகிச்சையில் தொற்று எப்போதும் வாசலில் காத்திருக்கிறது. கொடைச் செல் நோயை ஒடுக்குகிறது. அதன் பின் எலும்பு மஜ்ஜை மாற்றுச் செய்தாக வேண்டும். ஆகவே இதைப் பாலம் என்றே சொல்ல வேண்டும். கட்டிப் புற்றுநோய்களில் நிலைமை இன்னும் கடினம். குழந்தைகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமாவுக்கு ரோம் நகரின் பாம்பினோ ஜெசு மருத்துவமனையில் குழந்தைகளின் சொந்தச் செல்களைக் கொண்டு 27 பேரிடம் நடந்த சோதனையில் 63 சதவீதம் பேரிடம் பலன் தெரிந்தது. கொடையாளர் செல்களைக் கொண்ட முயற்சி அங்கே விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடமே நடந்திருக்கிறது.

பணம் யாருடையது?

லண்டன் சோதனைக்கு நிதி அளித்ததில் முதன்மையானது பிரிட்டிஷ் அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம். சிகிச்சை நடந்தது, தனியார்மயத்தின் அரிப்பையும் சிக்கன நடவடிக்கைகளையும் மீறி இன்னும் நிற்கும் தேசிய சுகாதாரச் சேவையில். கிம்ரியாவின் அடித்தளமும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கப் பொது நிதியின் துணையோடு இடப்பட்டதே. நோவார்ட்டிஸ் அதில் நுழைந்தது 2012இல். அறிவியல் உழைப்பை, முந்தைய தலைமுறைகளின் உழைப்பும் சமகாலத்தவரின் ஒத்துழைப்பும் கலந்த பொது உழைப்பாக மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தில் வகைப்படுத்துகிறார். கார்-டி அதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. அந்தப் பொது உழைப்பின் கடைசிப் படிக்கட்டில் ஏறி நிற்பவர் முழு மாடிக்கும் வாடகை கேட்கிறார்.

வாடகைகூடக் கிடைக்காது என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2015இல் அந்தக் குழந்தையைக் காப்பாற்றிய செல்களின் உரிமை செல்லெக்டிஸ் நிறுவனத்திடமிருந்து செர்வியேவுக்கும் ஃபைசருக்கும், பின்னர் 2018இல் அல்லோஜீனுக்கும் கைமாறியது. குழந்தைகளுக்கான மருந்தாக அது சந்தைக்கு வரவே இல்லை. நிறுவனத்தின் கவனம் வயது வந்தோரின் நிணநீர்ப் புற்றுநோயை நோக்கித் திரும்பியது. அங்கே நோயாளிகள் அதிகம். அதாவது வாடிக்கையாளர்கள் அதிகம். குழந்தைப் பருவப் புற்றுநோய் அரிதானது என்பதே மூலதனத்தின் கண்ணில் அதன் குற்றம்.

புற்றுநோயல்லாத, ஆனால் இதே மருத்துவமனையோடு தொடர்புடைய இன்னொரு நிகழ்வு இதனினும் கொடியது. பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் இன்றிப் பிறக்கும் குழந்தைகளுக்கான ஒரு மரபணுச் சிகிச்சையை லண்டன் மருத்துவர்களும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தினரும் உருவாக்கினர். 50 குழந்தைகளில் 48 பேரிடம் அது வெற்றி பெற்றது. உரிமம் ஆர்ச்சர்ட் என்னும் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2020இல் அந்நிறுவனம் தன் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து அச்சிகிச்சையை ஒதுக்கிவைத்தது. சிகிச்சை பலனளிக்கவில்லை என்பதால் அன்று. லாபம் தராது என்பதால். உரிமம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும்வரை குழந்தைகள் காத்திருக்க நேர்ந்தது.

கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையின் வரலாற்றில் அறிவுசார் சொத்துரிமை பற்றிய வேறொரு கதையும் உண்டு. ‘பீட்டர் பான்’ நாடகத்தின் உரிமையை அதன் ஆசிரியர் ஜே.எம்.பேரி 1929இல் இம்மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். பதிப்புரிமைக் காலம் முடிந்த பின்னும் பிரிட்டனில் அதன் வருவாய் மருத்துவமனைக்கே தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று 1988இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமியற்றியது. நோயுற்ற குழந்தைகளின் நலனுக்காக ஓர் உரிமையின் ஆயுளையே நாடாளுமன்றத்தால் நீட்டிக்க முடியுமென்றால், அதே குழந்தைகளுக்காக ஓர் உரிமையின் ஆயுளைக் குறைக்கவும் முடியும் அல்லவா?

இந்தியாவின் கையில் இருப்பது

இந்தியாவில் ஐ.ஐ.டி. மும்பையும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்-19, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. 2021 ஜூன் 4 அன்று மும்பையில் முதல் நோயாளிக்கு அது செலுத்தப்பட்டது. முதற்கட்டச் சோதனைகளுக்காக ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை சார்ந்த நிறுவனம் ஒப்பளித்த தொகை 19.15 கோடி ரூபாய். ஒன்று அரசுக் கல்வி நிறுவனம். மற்றொன்று அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் மருத்துவமனை. பணமும் மக்களுடையது. ஆனால் சந்தைக்கு வந்தது ஒரு தனியார் நிறுவனத்தின் பொருளாக. விலை ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய். அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு என்று ஆட்சியாளர்கள் பெருமை பேசுகின்றனர். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்கு உள்ள வரம்பு 5 லட்சம். மீதி 35 லட்சத்துக்கு ஒரு பீடித் தொழிலாளியின் குடும்பம் எங்கே போகும்? மேலும், 2023இல் வழங்கப்பட்ட அனுமதி 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் அந்த அனுமதிக்கு வெளியே நிற்கின்றனர்.

நெக்ஸ்கார்-19 நோயாளியின் சொந்தச் செல்லைக் கொண்டு தயாரிக்கப்படுவது. தனித்தனித் தயாரிப்பு என்ற சமாதானம் இதற்கு ஓரளவு பொருந்தும். அடுத்து வரப்போவது கொடையாளர் செல். அந்தக் கட்டத்தில் விலையை யார் முடிவு செய்வார்கள் என்பது, மருந்து அனுமதி பெற்ற பிறகு பேசத்தக்க விஷயம் அன்று. சோதனை தொடங்கும்போதே, பொது நிறுவனம் தனியாருக்கு உரிமம் எழுதிக் கொடுக்கும் தாளிலேயே அது முடிவாகிவிடுகிறது.

காப்புரிமைச் சட்டம் காப்பாற்றாதா என்று தோழர்கள் கேட்கலாம். 2005இல் இடதுசாரிகளின் வற்புறுத்தலால் சட்டத்தில் இடம்பெற்ற 3(டி) பிரிவுதான், ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளைவெக்குக்கு நோவார்ட்டிஸ் கோரிய காப்புரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுக்க அடிப்படையாயிற்று. மாதம் லட்ச ரூபாயைத் தாண்டிய சிகிச்சை சில ஆயிரங்களில் கிடைத்தது. அந்த வெற்றியின் பெருமை குறையாது. ஆனால் அதே ஆயுதம் இங்கே பாதித் தூரம்தான் செல்லும். மாத்திரையின் வேதிப்பொருள் தெரிந்தால் வேறொருவர் அதைத் தயாரித்துவிடலாம். உயிருள்ள செல்லில் தயாரிப்பு முறையே பொருளாகிவிடுகிறது. எந்த வைரஸ், எந்த ஊடகம், எத்தனை நாள், எந்தக் கருவி என்னும் நுணுக்கங்கள் காப்புரிமை ஆவணத்தில் முழுமையாக இருப்பதில்லை. அவை நிறுவனத்தின் ரகசியப் பெட்டியில் இருக்கின்றன. ஐரோப்பாவில் கிம்ரியாவின் ஒரு காப்புரிமையைத் தன்னார்வ அமைப்புகள் 2019இல் எதிர்த்தபோது நோவார்ட்டிஸ் அதைத் தானே கைவிட்டது. விலை இறங்கிவிடவில்லை. காப்புரிமை மறுப்பு தேவை; அதோடு பொதுத்துறைத் தயாரிப்பும் தேவை.

அது இயலாத காரியமும் அன்று. பார்சிலோனா நகரின் ஒரு பொது மருத்துவமனை தன் ஆய்வகத்திலேயே கார்-டி செல்களைத் தயாரித்து, 2021 பிப்ரவரியில் ஸ்பெயின் அரசின் அனுமதி பெற்றது. செலவு 90 ஆயிரம் யூரோவுக்குச் சற்றுக் குறைவு; பெருநிறுவன விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழ். அதுவும் நோயாளியின் சொந்தச் செல்லைக் கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தயாரித்தபோது.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்ததே. 2008இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி ஆலைகளின் உரிமங்கள் ‘நல்ல உற்பத்தி நடைமுறை’ இல்லையென்று முடக்கப்பட்டன. குறையிருந்தால் நிதி ஒதுக்கிச் சரிசெய்திருக்க வேண்டும். மூடியதால் ஆதாயம் அடைந்தது தனியார் சந்தை. நாளை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செல் ஆய்வகம் அமைக்கக் கோரினால் இதே தர வாதம் புதிய உடையில் வரும்.

கையெழுத்தின் பொருள்

சோதனை என்றதும் எழும் இன்னொரு கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. முதற்கட்டச் சோதனையின் நோக்கம் பாதுகாப்பை அறிவது, குணப்படுத்துவது அடுத்தபடி. எல்லா வழிகளும் அடைபட்ட பெற்றோர் எதில்தான் கையெழுத்திட மாட்டார்கள்? ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 2009இல் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வில், பழங்குடிச் சிறுமிகளுக்காக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டனர். அந்த அக்கிரமத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததில் இடதுசாரி மாதர் இயக்கத்துக்குப் பங்குண்டு. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசியின் தேவையை இயக்கம் அன்று மறுக்கவில்லை. யார் உடலில், யார் ஒப்புதலோடு, யார் ஆதாயத்துக்கு என்றே கேட்டது. கொடைச் செல் சோதனையிலும் கேட்க வேண்டியது அதையே. சோதனைக்குத் தன் குழந்தையை ஒப்படைத்த குடும்பத்துக்கும், அக்குழந்தை பிறந்த வர்க்கத்துக்கும், சிகிச்சை வெற்றி பெற்ற பின் அது கிட்டாது என்றால் அந்த ஒப்புதல் எதற்கான ஒப்புதல்?

தொடக்கத்தில் குறிப்பிட்ட ஆட்சேபத்துக்கு இங்கே திரும்பலாம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகின்றனர். பல ஏழை நாடுகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. இந்த இடைவெளிக்குக் காரணம் மரபணுத் திருத்தம் இன்மை அன்று. வின்கிறிஸ்டின், மெத்தோட்ரெக்சேட் போன்ற பழைய, மலிவான மருந்துகளைத் தடையின்றிக் கொடுப்பதற்கும், சிகிச்சை முடியும்வரை குடும்பம் நகரத்தில் தங்குவதற்கும், இழந்த கூலியை ஈடுசெய்வதற்கும் வழியின்மைதான். ஆகவே மாவட்ட மருத்துவமனையில் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவு வேண்டும் என்பதே முதல் கோரிக்கை. ஆனால் முதல் கோரிக்கை இருப்பதால் இரண்டாவது கோரிக்கை வேண்டாம் என்று சொன்னால், புதிய சிகிச்சை பணக்காரர்களுக்கு, பழைய சிகிச்சை ஏழைகளுக்கு என்ற பிரிவினையைத் தொழிலாளர் இயக்கமே ஒப்புக்கொண்டதாக ஆகும்.

இந்தியாவில் இதற்கு முன்மாதிரி வெளியில் தேட வேண்டியதில்லை. ரத்தத்தை விலைக்கு விற்போரை ஒழிக்குமாறு 1996இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1998 ஜனவரி 1 முதல் தொழில்முறை ரத்த விற்பனை தடைசெய்யப்பட்டது. குருதி வங்கி பரிசோதனைக்கும் பாதுகாப்புக்கும் ஆகும் செலவை மட்டுமே வசூலிக்கலாம்; ரத்தத்துக்கு விலை கிடையாது. இடதுசாரி இளைஞர் அமைப்புகளின் தோழர்கள் ஆண்டுதோறும் முகாம்களில் கையை நீட்டிக் கொடுப்பது இந்த ஏற்பாட்டை நம்பித்தான். டி-செல்லும் அதே ரத்தத்தில்தான் இருக்கிறது. அதே கையிலிருந்து அதே ஊசி வழியே எடுக்கப்படும் செல்லுக்கு மட்டும், திருத்தப்பட்டது என்ற காரணத்தால், லட்சங்களில் விலை வைக்க அனுமதிக்கலாமா என்பதைச் சட்டம் இன்னும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்கும் வரை காத்திருந்தால் சந்தை தீர்மானித்துவிடும்.

உடனடியாகச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. 19.15 கோடி ரூபாய் பொதுப்பணத்தில் சோதிக்கப்பட்ட சிகிச்சையின் உரிமம் எந்த நிபந்தனைகளில் தனியாருக்கு வழங்கப்பட்டது, விலைக்கு உச்சவரம்பு உண்டா, பொது மருத்துவமனைகளுக்குத் தயாரிப்பு உரிமை தக்கவைக்கப்பட்டதா, கொடையாளர் செல் ஆய்வுகளுக்கு நிதி தரும்போது இந்நிபந்தனைகள் சேர்க்கப்படுமா என்பவற்றை ஒன்றிய அரசு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மக்களவையில் இக்கேள்வியை எழுப்ப இடதுசாரி உறுப்பினர்களுக்குத் தேவைப்படுவது 15 நாள் முன்னறிவிப்பு.